அடித்தொண்டைக்குக் கீழே

கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் போன் செய்து, "சார், வீட்ல மேடம் இருக்காங்களா?" என்று கேட்பார். "இருக்காங்க, வாங்க" என்று சொல்லி வைத்துவிடுவேன். அவர் வந்து கதவைத் தட்டும்போது வாய் திறக்காமல், சிரித்த முகமாக நின்று சிலிண்டரை வாங்கிக்கொள்வேன். அந்த சார் நான்தான் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

என் குரல் அப்படி. வயதுக்கு வந்த நாளிலிருந்து தடித்து, கரகரத்து, ஆம்பிளைக் குரலாக நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிரேயர் பாட்டுக்கு என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று டீச்சர் சொன்னார். திட்டிச் சொல்லியிருந்தால் வீட்டில் வந்து அழுதிருப்பேன். அவர் தோளில் கை வைத்து அன்பாகச் சொன்னார். பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அம்மா, பொண்ணுக்குக் கூச்ச சுபாவம், அதிகம் பேசமாட்டாள் என்று சொல்லி என்னைப் பேசவே விடவில்லை. தாலி கட்டிய பிறகுதான் என் கணவர் என் குரலைக் கேட்டார். சளி பிடித்திருக்கிறதா என்று விசாரித்தார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஒருநாள் அவள் தோழியிடம் போனில், "அது எங்கப்பா இல்லடி, எங்கம்மா. அவங்களுக்கு வருஷம் பூரா சளி" என்று சொல்லிக்கொண்டிருந்தது சமையல்கட்டில் இருந்த எனக்குக் கேட்டது. குழம்பைக் கிளறிக்கொண்டே நின்றேன். கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

முதலியார்பேட்டையில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் மூன்று போர்ஷன்களில் நடுவிலிருப்பது எங்களுடையது. கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷாம்பு பாட்டில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். பஸ்ஸில் மற்ற பெண்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு போவேன். அங்கேயும் எனக்கு அமைதியானவள் என்று பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மூன்று பேரும் கடற்கரைக்குப் போயிருந்தோம். பாறைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டம். எட்டிப் பார்த்தேன். தட்டை முகமும் சின்னக் கண்களுமாக ஒரு வெளிநாட்டுக்காரர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். பாட்டு என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. வயிற்றுக்குள் யாரோ பெரிய பாறையை உருட்டுவதுபோல் ஒரு சத்தம். அதற்கு மேலே மெல்லியதாக இன்னொரு சத்தம் விசில்போல மிதந்தது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே படம் பிடித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. கடலைப் பார்த்துப் பாடிக்கொண்டே இருந்தார்.

என் மகளும் சிரித்தாள். "எருமை கத்துற மாதிரி இருக்கு" என்றாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். காலையில் எழுந்ததும், யாரும் கேட்பதற்கு முன்னால், தொண்டையைச் செருமிச் செருமி நான் மறைக்கிற அதே சத்தம். அந்த மனிதர் அதை மறைக்கவில்லை, அவ்வளவுதான். நானும் போனை எடுத்துக் கொஞ்சம் பதிவு செய்தேன். அவருடன் வந்திருந்த பெண்ணிடம் இது என்ன என்று என் மகளை விட்டுக் கேட்டேன். மங்கோலியா பக்கத்துப் பாட்டு, தொண்டையால் பாடுவது என்று அவள் சொன்னாளாம்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தேடினேன். கற்றுக்கொடுக்கும் வீடியோக்கள் நிறைய இருந்தன. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நிறுத்தி நிதானமாக இங்கிலீஷில் சொன்னது பாதி எனக்குப் புரிந்தது. நம் எல்லோருக்கும் பேசுகிற குரல் நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறதாம். சாதாரணமாக அது சும்மா கிடக்கும். லேசாகச் செருமி, செருமல் பிறக்கிற இடத்திலேயே மூச்சை நிறுத்திப் பாடினால் அதுவும் சேர்ந்து அதிரத் தொடங்கும். அப்போது நம் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் பிறக்கும், நம்முடையதைவிட ஒரு ஸ்தாயி கீழே. பல மாதம் முயன்றும் சிலருக்கு அது வருவதில்லை என்றாள் அந்தப் பெண்மணி.

எனக்கு முதல் வாரமே வந்துவிட்டது. குளியலறையில் வாளி நிரம்பிக்கொண்டிருந்தபோது செருமிப் பிடித்தேன். நெஞ்செலும்பு அதிர்ந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன். குரலை நினைத்து வெட்கப்படுவது எனக்குப் பழகிய விஷயம். அன்று வந்த வெட்கம் வேறு. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாட இடம்தான் இல்லை. வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். கம்பெனியில் ஒரு இடம் கிடைத்தது. பேக்கிங் பிரிவுக்குப் பின்னால், கை கழுவும் குழாய்களைத் தாண்டி ஜெனரேட்டர் ஷெட். எங்கள் பக்கம் மத்தியானத்தில் கரண்ட் போவது சகஜம். ஜெனரேட்டர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் கேட்காது. டிபன் பாக்ஸோடு அதன் பின்பக்கம் போய்விடுவேன். அது ஒரே சுருதியில் அதிரும். அதோடு சேர்ந்து பாடினால் என் குரல் எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக அதற்கும் கீழே இறங்கிப் பார்ப்பேன். கடற்கரையில் பதிவு செய்ததை ஒரு சுருதி ஆப்பில் போட்டுப் பார்த்திருந்தேன். அந்த மனிதரின் ஆழத்துக்கும் என்னுடையதற்கும் இன்னும் சில படிகள் இருந்தன. அந்தப் படிகளை இறங்கிவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. ஒரு பெண் எதற்காக ஆணைவிடக் கீழே பாட ஆசைப்பட வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

தெரிந்த நாள் வந்தது. அன்று கண்ணை மூடிக்கொண்டு நன்றாக இறங்கிப் போயிருந்தேன். கரண்ட் வந்ததும் எலக்ட்ரீஷியன் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார். இயந்திரம் நின்றது எனக்கு உடனே உறைக்கவில்லை. அதிர்வு என் நெஞ்சுக்குள்ளேதானே இருந்தது. ஒரு முழு மூச்சு நேரம் அந்தப் பின்கட்டு முழுக்க என் சத்தம் மட்டும் தனியாக நின்றது. கண்ணைத் திறந்தபோது குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் கையில் தட்டும் கிண்ணமுமாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழாய் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

என்னோடு ஒரே லைனில் வேலை செய்கிற, எங்கள் தெருவிலேயே இருக்கிற பெண்தான் முதலில் வந்தாள். "அக்கா, இன்னா ஆச்சு? வாந்தி வருதா?" என்று முதுகைத் தடவினாள்.

"இல்ல, தொண்டையில மீன் முள்ளு மாட்டிக்கிச்சு" என்றேன்.

என் டிபன் பாக்ஸில் புளிசாதம் இருந்தது. மூடி திறந்துதான் கிடந்தது. அதை அவள் பார்த்தாளா இல்லையா தெரியவில்லை. முள் என்றதும் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வெறும் சோற்றை உருண்டையாகப் பிடித்து மெல்லாமல் விழுங்கினால் முள் இறங்கிவிடும் என்றார் ஒரு வயதான அம்மா. தன் பாக்ஸில் மோர் ஊற்றாமல் வைத்திருந்த சோற்றை உருட்டி என் வாயில் ஊட்டினார். நான் விழுங்கினேன். இறங்கியதா என்று கேட்டார். இறங்கிவிட்டது என்று உடனே சொன்னால் பொய் தெரிந்துவிடும் என்று தோன்றியதால், இல்லை என்று தலையாட்டினேன். இன்னொருத்தி தன் சோற்றை உருட்டினாள். அதற்கப்புறம் இன்னொருத்தி. ஒருத்தி வாழைப்பழம் கொண்டுவந்தாள். அவர்கள் மத்தியானச் சாப்பாட்டில் பாதி என் வயிற்றுக்குள் போனது. எனக்குக் கண்ணீர் வழிந்தது. முள் குத்துகிற வலி என்று நினைத்து இன்னும் அன்பாகத் தடவிக்கொடுத்தார்கள். எந்த முள்ளும் இல்லாத தொண்டைக்கு ஊர்ச் சோற்றையெல்லாம் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால், பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதுகூட முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

சாயந்திரம் சூப்பர்வைசர் கூப்பிட்டு, உடம்பு சரியில்லை என்றால் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். மறுநாள் அந்த வயதான அம்மா கோயில் விபூதி கொண்டுவந்து என் தொண்டைக்குழியில் பூசிவிட்டார். முள் என்பதை அவர் நம்பவில்லை என்று அப்போது புரிந்தது. வேறு ஏதோ பிடித்திருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

தெருக்காரப் பெண் வழியாகச் செய்தி என் கணவருக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் வந்து கேட்டார். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். இனி ஒளிக்க முடியாது என்று உள்ளதைச் சொன்னேன். கடற்கரையில் அந்த ஆள் பாடினாரே, அதுதான் என்றேன். அவருக்கு ஞாபகம் வரவில்லை. பாடிக் காட்டச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாடச் சொன்னது அதுதான் முதல் தடவை. சேலையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்து பாடினேன்.

பாதியிலேயே அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

நான் நிறுத்திவிட்டேன். பிறகு அவர், "இது நமக்கு வேணாமே. நாலு பேர் கேட்டா நான் இன்னான்னு சொல்றது?" என்றார். அதட்டவில்லை, கெஞ்சுவதுபோல்தான் கேட்டார். சரி என்றேன்.

சரி என்று சொன்னதைச் சில வாரம் காப்பாற்றினேன். அதன்பின் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். நேரம் கொஞ்சம்தான் கிடைக்கும் என்பதால் அவசரம். எழுந்தவுடன் குரல் தானாகவே தணிந்திருக்கும் என்று தெரிந்துகொண்டு, பல் துலக்குவதற்கு முன்பே தொடங்கிவிடுவேன். சுவருக்கு அப்பால் கேட்கக் கூடாது என்பதற்காக மூச்சை அடக்கி, அடக்கியதை ஈடுகட்டக் கழுத்தை இறுக்கி, தாடையை நெஞ்சில் புதைத்து, கீழே கீழே என்று தள்ளினேன். சில நாள் ஒரு படி இறங்கியதுபோல் இருக்கும். பிறகு அங்கே கரகரப்பு மட்டும் மிஞ்சும். விழுங்கும்போது எரிந்தது. எரிந்தால் இறங்குகிறது என்று எனக்கு நானே அர்த்தம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் காலையில் மகளை எழுப்ப வாய் திறந்தேன். காற்று வந்தது, குரல் வரவில்லை. ஒரு எழுத்துகூட வரவில்லை.

இஞ்சி, மிளகு எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் கணவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காது மூக்கு தொண்டைப் பிரிவில் நீண்ட வரிசை. டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். அவரைச் சுற்றி நாலைந்து மாணவர்கள் நின்றார்கள். டீச்சரா, மார்க்கெட்டில் வியாபாரமா, கத்துகிற வேலையா என்று கேட்டார். என்னால் பேச முடியாது. கணவர்தான், கம்பெனி வேலை, சத்தமாகவே பேசமாட்டாள் என்றார். அப்புறம் எப்படி இவ்வளவு வீக்கம் என்றார் டாக்டர். கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அது வந்து மேடம்... இவங்க தொண்டையில பாடுவாங்க."

பாடுவதென்றால் எல்லோரும் தொண்டையில்தானே பாடுவார்கள் என்றார் டாக்டர். ஒரு மாணவி சிரிப்பை அடக்கினாள். கணவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்படி இல்லை, வேறு மாதிரி என்றார். கையால் வயிற்றைக் காட்டினார். டாக்டருக்கு விளங்கவில்லை. வெளியே வரிசையில் ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது என் கணவர், காக்கிச் சட்டையோடு அந்த அறை நடுவில் நின்று, வாயைத் திறந்து அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். சரியாக வரவில்லை. பாதி இருமலாகவும் பாதி ஏப்பமாகவும் வந்தது. "இதவிட நல்லா இருக்கும் மேடம், அவங்க பண்ணா" என்றார். காது வரை அவர் முகம் சிவந்திருந்தது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. என் அவமானத்தை அவர் வாயில் போட்டுக்கொண்டது பொறுக்க முடியவில்லை.

பத்து நாள் பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் அனுப்பிவைத்தார். பேசாமலிருப்பது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் வீட்டில் மகள்தான் தவித்தாள். ஸ்கூலிலிருந்து வந்ததும் நடந்ததையெல்லாம் என்னிடம் கொட்டுவது அவள் வழக்கம். நான் தலையை மட்டும் ஆட்ட, பாதியில் நிறுத்திவிடுவாள். ஒருநாள், "உன் சத்தம் இல்லாம வீடு ஒரு மாதிரி இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டு எழுந்து போனாள்.

திரும்பப் போனபோது டாக்டர் இந்தப் பாட்டைப் பற்றிப் பார்த்து வைத்திருந்தார். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, ரொம்ப லேசாக, ஒரே ஒருமுறை செய்து காட்டச் சொன்னார். குழாயைவிட அதுதான் பெரிய கஷ்டம். மாணவர்கள், நர்ஸ், கதவோரம் என் கணவர். அத்தனை பேர் முன்னால் அந்தச் சத்தத்தைப் போட்டேன். திரையில் ஈரமான இளஞ்சிவப்புச் சதை. உள்ளே இரண்டு வெள்ளை நாண்கள் துடித்தன. அதற்கு மேலே இன்னும் இரண்டு தடித்த மடிப்புகள் மெதுவாக, கனமாக ஆடின. டாக்டர் மாணவர்களுக்கு அதைக் காட்டி ஏதோ விளக்கினார். என்னிடம், வியாதி ஒன்றும் இல்லை என்றார். கழுத்தை நெரித்தால் குரல் இறங்காது, வீங்கத்தான் செய்யும். கொட்டாவி விடும்போது இருப்பதுபோல் தொண்டையைத் தளர்த்தி வைக்க வேண்டும், காற்று அடியிலிருந்து வர வேண்டும். எரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான் என்றார். பாடக்கூடாது என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்துப் போயிருந்தேன். சொல்லவில்லை.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். சிக்னலில் நிற்கும்போது கணவர் திரும்பாமலே, "வலிக்கலையா அது?" என்று கேட்டார். சரியாகச் செய்தால் வலிக்காது என்றேன். "ரெண்டு ஜோடி இருக்குதே உள்ள" என்றார். பச்சை விளக்கு விழுந்தது.

அதன்பிறகு ஆழத்தைத் துரத்துவதை விட்டுவிட்டேன். எந்த இடம்வரை சத்தம் முழுசாக நிற்கிறதோ அதுவரைதான் போவேன். மார்பில் கை வைத்துக்கொள்வேன். அதிர்வு கழுத்துக்கு ஏறினால் நிறுத்திவிடுவேன். எத்தனையோ வாரம் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் ஒருநாள் தானாக ஒரு படி கீழே போய் நின்றது. கடற்கரை மனிதரின் இடம் இன்னும் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கணவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை வைக்க அவருடைய பெரியப்பா மகன் வந்து உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாது. மூச்சு வாங்க நிறுத்தியபோது முன்னறையில் பேச்சுக் குரல் கேட்டது.

"இன்னாப்பா சத்தம் அது?"

வெங்காயத்தைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. கணவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். மிக்ஸி என்பார், பக்கத்து வீடு என்பார் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் நிம்மதியாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"என் வீட்டுக்காரி பாடுறாண்ணே" என்றார்.

பிறகு மண்டபம், வேன் ஏற்பாடு என்று பேச்சு வேறு எங்கோ போனது. காபி கொண்டுபோக வேண்டும். பால் காய்ந்து பொங்கி அடங்கி ஆடை கட்டும்வரை அடுப்படியிலேயே நின்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டு ஒருவழியாகப் போனேன். வந்தவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் காபியையே பார்த்தபடி, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கேன் மாமா" என்றேன், என் குரலில்.

கல்யாணத்துக்கு மூன்று பேரும் முந்தின நாளே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். கணவர் தெருமுனைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்து பேப்பரை எடுத்தார். என் முகம் மட்டும் சாயந்திரம்வரை சூடாகவே இருந்தது.